பெற்றோல் பம் மாற்றிய பிறகு காருக்குள் மணம், கீழே கசிவு: என்ன செய்வது?

உடையார்கட்டு ரீச்சர்:

கார் விஷயம் தெரிந்தவர்கள் பொறுமையாக வாசித்துப் பதில் சொல்லுங்கள். சுருக்கமாகச் சொன்னபோது எல்லோரும் “கிளிப்பை இறுக்கு” என்று மட்டும்தான் சொன்னார்கள், அதனால் முழுவதையும் எழுதுகிறேன்.

கார் நிசான் சன்னி எஃப்.பி. 15, மனுவல் கியர். மாமா கனடா போகும்போது எங்களிடம் விட்டுப்போனது. உடையார்கட்டில் இருந்து பாடசாலைக்கு இதில்தான் போய்வருகிறேன். வழியில் இன்னும் இரண்டு ரீச்சர்மார் ஏறுவார்கள், ஒருவருடைய சின்ன மகளும் பின் சீற்றில் வருவாள். அம்மாவைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் கிளினிக் காட்டுவதற்கும் இந்தக் கார்தான். பழைய காரை விற்றுவிட்டு வேறு எடு என்று தயவுசெய்து சொல்லவேண்டாம். 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதில் இருந்து பழைய கார்களே என்ன விலைக்குப் போயின என்று உங்களுக்கும் தெரியும். 2025 இல் திரும்பத் திறந்தார்கள், ஆனாலும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டாது.

பிரச்சினை தொடங்கியது இப்படி. வெயில் ஏறின நேரத்தில், ஓடிக்கொண்டிருக்கும்போதே இழுவை குறைந்து எஞ்சின் நின்றுவிடும். மர நிழலில் கொஞ்ச நேரம் ஆறவிட்டால் திரும்ப ஸ்ராட் ஆகும். கிளிநொச்சியில் ஒரு கராஜில் காட்டினேன். தாங்கிக்குள் இருக்கும் பெற்றோல் பம் களைத்துப்போய்விட்டது என்றார்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து பம் எடுப்பித்து, பின் சீற்றைக் கழற்றிப் போட்டுத் தந்தார்கள். அந்த அளவில் நான் குறை சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு கார் ஒருநாளும் வழியில் நின்றதில்லை.

ஆனால் சம்பளத்தன்று தாங்கியை நிரப்பிக்கொண்டு ஏ35 வீதியால் வீட்டுக்கு வரும்போது, தருமபுரம் தாண்டியதும் காருக்குள் பெற்றோல் மணந்தது. விசுவமடு வந்தபோது கண் எரிந்தது. கண்ணாடி எல்லாவற்றையும் இறக்கிவிட்டுத்தான் மிச்சத் தூரம் வந்தேன். விடிய எழும்பிப் பார்த்தால் பின் சில்லுக்கு முன்னால் மண்ணில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். ரோச் லைட் அடித்துக் குனிந்து பார்த்தேன், தாங்கியின் பக்கத்தில் மேலே இருந்து வழிந்த தடம் தெரிந்தது.

கராஜுக்கு போன் எடுத்தேன். “புதுப் பம் போட்டால் கொஞ்ச நாள் மணக்கும் ரீச்சர், ஓட ஓட சரிவரும்” என்றார் முதலாளி. தாங்கி பாதிக்கு வந்ததும் உண்மையாகவே மணமும் இல்லை, ஈரமும் இல்லை. சரி, அவர் சொன்னபடி சரிவந்துவிட்டது என்று திரும்பவும் நிரப்பினேன். அதே மணம், அதே இடத்தில் ஈரம்.

காரை விடுவது கிடுகு வேய்ந்த கொட்டிலில். அதற்கும் குசினிக்கும் நடுவில் ஒரு தட்டிதான் இருக்கிறது. அம்மா விறகு அடுப்பில்தான் சமைப்பார். மணம் வந்த நாளில் இருந்து எனக்கு இரவில் நித்திரை இல்லை.

இதை ஓட்டலாமா? எங்கே பிழை இருக்கலாம்? திரும்ப அந்தக் கராஜுக்கே போவதானால் என்ன சொல்லிக் கேட்பது? போனில் கதைத்தபோது “உங்களுக்கு உது விளங்காது” என்ற மாதிரித்தான் கதை போனது. எனக்கு விளங்கும். என் கண்ணுக்கு முன்னால் திறந்து காட்டவேண்டும் என்பதுதான் என் விருப்பம்.


பரந்தன் தம்பி:

அக்கா, மற்றது எல்லாம் பிறகு. முதலில் காரைக் கொட்டிலில் இருந்து வெளியே எடுங்கள். ஸ்ராட் பண்ண வேண்டாம். நியூற்றலில் போட்டு இரண்டு பேர் தள்ளினால் வந்துவிடும். ஸ்ரியறிங் பூட்டு விடுவதற்குத் திறப்பை முதல் தானத்துக்கு மட்டும் திருப்புங்கள், அதில் பம் ஓடாது. முற்றத்தில் காற்றோட்டமான இடமாக, அடுப்புக்கு எதிர்ப்பக்கமாக விடுங்கள். கிணற்றடிப் பக்கம் வேண்டாம், பெற்றோல் மண்ணுக்குள் இறங்கினால் தண்ணீர் கெட்டுப்போகும்.

பெற்றோல் ஆவி காற்றை விட மூன்று நான்கு மடங்கு பாரம். மேலே போகாது, தரையோடு படர்ந்து போய் பள்ளத்தில் நிற்கும். உங்கள் குசினித் தட்டிக்குக் கீழே இடைவெளி இருந்தால் அது அடுப்படிக்கே போகும். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் ஸ்கூட்டர் எரிந்தது இப்படித்தான். கசிந்த இடத்தில் நெருப்பே இல்லை. விறாந்தையில், தள்ளி வைத்திருந்த நுளம்புத்திரியில்தான் பற்றியது. துளசி மாடத்து விளக்கும் அப்படித்தான், காரைத் தள்ளும்போது அந்தப் பக்கத்தையும் கவனியுங்கள்.

ஈரமான இடத்தில் தண்ணீர் ஊற்றவேண்டாம், பெற்றோல் அதில் மிதந்து இன்னும் பரவும். காய்ந்த மணலைக் கொட்டி, பிறகு அள்ளி வளவுக்கு வெளியே பரப்பிவிடுங்கள். ஒரு வாளி மணல் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். முடிந்தால் பவுடர் வகைத் தீயணைப்புச் சிலிண்டர் ஒன்று வாங்குங்கள். 2016 இல் கிளிநொச்சிச் சந்தை எரிந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். நெருப்பு வந்த பிறகு யாருக்கும் போன் எடுத்து என்ன ஆகப்போகிறது?


முள்ளியவளை ராசன்:

ரீச்சர், இது பெரிய வேலை இல்லை. பின் சீற்றைத் தூக்கி, பம்மின் மூடியைச் சுற்றி சிலிக்கன் பூசிவிடுங்கள். என் மோட்டார் சைக்கிள் தாங்கியில் ஊசித்துளை விழுந்தபோது சவர்க்காரத்தைத் தேய்த்துவிட்டுத்தான் வற்றாப்பளைக்கும் முல்லைத்தீவுக்கும் ஓடித் திரிந்தேன். ஒரு சொட்டுக்கூட வரவில்லை. கராஜுக்குப் போனால் திரும்பவும் காசுதான்.


மாங்குளம் மெக்கானிக்:

ராசன் தம்பி, சவர்க்காரக் கதை உண்மை. பெற்றோல் சவர்க்காரத்தைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். அதனால் தாங்கித் தகட்டில் உள்ள ஊசித்துளைக்கு அது வீடு போய்ச் சேரும் மட்டும் தாங்கும். ஆனால் சிலிக்கன் அப்படி இல்லை. சாதாரண சிலிக்கன் பெற்றோல் பட்டால் ஊதி, தோல் மாதிரி உரிந்துவிடும். உரிந்த துண்டு தாங்கிக்குள் விழுந்தால் புதுப் பம்மின் வடியை அடைக்கும். ரீச்சர் காசு கொடுத்துப் போட்ட பம் அதோடு போகும். அதோடு, சிலிக்கன் போட்ட இடத்தைத் திறக்கிற அடுத்த மெக்கானிக்குக்கு எங்கே பிழை என்று தெரியவும் வராது. தயவுசெய்து அதைச் செய்யவேண்டாம்.

ரீச்சர், நீங்கள் விபரமாக எழுதியது நல்லது. பிழை எங்கே என்பதை அரைவாசி நீங்களே சொல்லிவிட்டீர்கள். எங்கே கசிகிறது என்று தேடுவதற்கு முதல், எப்போது கசிகிறது என்று பார்க்கவேண்டும். உங்கள் கார் மாதிரி இன்ஜெக்சன் கார்களில் கசிவு இரண்டு விதம். ஒன்று அமுக்கத்தால் வருவது. பம்மில் இருந்து எஞ்சின் வரை போகும் குழாயில் 3 பாருக்கும் மேலே அமுக்கம் இருக்கும், உங்கள் ரயருக்குள் இருக்கும் காற்றை விடக் கூட. அந்தக் குழாயிலோ இணைப்பிலோ பிழை என்றால் தாங்கியில் பெற்றோல் கொஞ்சமாக இருந்தாலும் நிறைய இருந்தாலும் ஒரே மாதிரித்தான் வரும். எஞ்சின் ஓடும்போது பீச்சும், நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் குறையும். மற்றது மட்டத்தால் வருவது. தாங்கி நிறைந்திருந்தால் மட்டும் கசியும், எஞ்சின் ஓடவேண்டும் என்றே இல்லை, இரவு முழுவதும் சும்மா நின்றாலும் கசியும். பாதிக்கு இறங்கினால் நின்றுவிடும்.

உங்களுடையது இரண்டாவது. பம் போனது தாங்கியின் மேல்வாயால். அந்த வாயை மூடுவது ஒரு தட்டும், அதன் கீழே ஒரு பெரிய ரப்பர் வளையமும், மேலே ஒரு பிளாஸ்ரிக் மரையும். அந்த ரப்பர் வளையத்தை நாங்கள் ஓ ரிங் என்போம். பெற்றோல் ஊற்றும் வாய் அந்தத் தட்டை விட உயரத்தில் இருக்கிறது. முட்ட நிரப்பினால் பெற்றோல் தட்டுக்கு மேலேயே வந்து நின்று அமுக்கும். வளையம் சரியாகப் பதிந்திருக்காவிட்டால் அதால் கசிந்து, தாங்கியின் மேலே பரவி, பக்கத்தால் வழிந்து மண்ணில் விழும். நீங்கள் பார்த்த தடம் அதுதான். தட்டு பின் சீற்றுக்கு நேர் கீழே இருப்பதால்தான் மணம் முதலில் காருக்குள் வருகிறது.

பெற்றோல் ஊற்றும் குழாயும், ஆவி போகும் சின்னக் குழாயும் இதே மாதிரிக் கசியலாம். ஆனால் உங்கள் காரில் கை வைத்தது பம்மில். கை வைத்த இடத்தில் இருந்துதான் தேடத் தொடங்கவேண்டும்.

வளையம் ஏன் பிழைக்கிறது என்று சொல்கிறேன், கராஜில் கதைக்கும்போது உதவும். பழைய ஓ ரிங் வருடக் கணக்காகப் பெற்றோலில் ஊறி இருக்கும். மரையைக் கழற்றி வெளியே எடுத்ததும் அது ஊதிப் பெருத்துவிடும். திரும்பத் தவாளிப்புக்குள் வைத்தால் ஒரு பக்கம் இருக்கும், மற்றப் பக்கம் எழும்பும். அவசரத்தில் அதை அமத்திப் பிடித்து மரையை இறுக்கினால் எழும்பின பக்கம் மடிந்து நசியும். வெளியில் பார்த்தால் எல்லாம் இறுகின மாதிரித்தான் தெரியும். பம் பெட்டியோடு புது வளையம் வராவிட்டால் பழையதையே போட்டுவிடுவது எங்கள் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. பம்மைத் திறந்தால் வளையம் புதிது, அதில் பேச்சுக்கு இடம் இல்லை.

கராஜில் நீங்கள் கேட்கவேண்டியது: புது ஓ ரிங், பெற்றோலுக்கு உரிய ரப்பர். தண்ணீர்ப் பம்மின் வளையம் அளவு பொருந்துகிறது என்று போட்டால் ஒரு மாதத்தில் இதே கதை. தாங்கியின் வாயிலும் தவாளிப்பிலும் மண் இருக்கக்கூடாது. எங்கள் கிறவல் ஒழுங்கைகளில் ஓடின காரின் தாங்கிக்கு மேலே விரல் தடிப்புக்குச் செம்மண் படிந்திருக்கும். அதைத் துடைத்துவிட்டுத்தான் மரையில் கை வைக்கவேண்டும், இல்லாவிட்டால் மண் முழுக்க உள்ளே போகும். மரையைக் கையால் முதலில் எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் ஒரு இடத்தில் “டக்” என்று இறங்கும், அதில் இருந்து இறுக்கினால்தான் புரி நேராக ஏறும். குறுக்காக ஏறினால் எவ்வளவு இறுக்கினாலும் தட்டு ஒரு பக்கம் தூக்கியபடியே நிற்கும். ஸ்குரூ டிரைவரும் சுத்தியலும் வைத்துத் தட்டுவதை விடச் சொல்லுங்கள், பிளாஸ்ரிக் வெடிக்கும்.

தட்டுக்கு மேலே வரும் குழாயின் இணைப்பையும் பார்க்கவேண்டும். அது பூட்டும்போது சத்தம் கேட்கும். கேட்ட பிறகும் ஒருக்கால் இழுத்துப் பார்க்கவேண்டும். இடையில் ரப்பர் குழாய்த் துண்டு ஏதும் போட்டிருந்தால் அதன் மேல் அச்சடித்திருப்பதை வாசியுங்கள். இன்ஜெக்சன் அமுக்கத்துக்கு உரியதில் ஆர்9 என்று இருக்கும். சாதாரணக் குழாய் அமுக்கம் குறைந்த பழைய காபரேற்றர் காருக்குத்தான் சரி.

இனி, ஓட்டலாமா என்ற கேள்வி. வேண்டாம். கராஜ்காரரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். சீற்றைக் கழற்றி, நான்கு கதவையும் திறந்துவிட்டு, ஆவி போகவிட்டுத்தான் பற்றரிக் கம்பியைக் கழற்றவேண்டும். மணம் நிறைந்திருக்கும்போது கழற்றினால் அந்தப் பொறியே போதும். பெற்றோல் மட்டத்தைக் குறைக்கக் கைப்பம் பாவிக்கச் சொல்லுங்கள். குழாயை வாயில் வைத்து உறிஞ்சுகிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன். ஒரு மிடறு நெஞ்சுக்குள் போனால் நுரையீரல் கெட்டுப்போகும், ஆஸ்பத்திரியில்தான் போய்ப் படுக்கவேண்டும்.

எங்கள் ஆட்கள் ஏன் கசிவை லேசாக எடுக்கிறார்கள் என்று நான் யோசிப்பதுண்டு. நான் வேலை பழகியது யுத்தத்தின்போது இருந்த பொருளாதாரத் தடைக் காலத்தில். வன்னிக்குள் பெற்றோல் போத்தல் கணக்கில்தான் வரும், அதுவும் யானை விலை. மோட்டார் சைக்கிளில் இருந்து பழைய கேம்பிரிட்ஜ் கார் வரைக்கும் மண்ணெண்ணெய்யில்தான் ஓடின. ஸ்ராட் பண்ண மட்டும் சூப்பிப் போத்தலில் இருந்து காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விடுவோம். மண்ணெண்ணெய் கசியாத வாகனமே அந்த நாளில் இல்லை, கீழே ஒரு பேணியை வைத்துவிட்டு வேலை செய்வோம். அது பெரும்பாலும் பற்றவில்லை, ஏனென்றால் மண்ணெண்ணெய் சுமார் 38 பாகைக்கு மேல் சூடானால்தான் பற்றக்கூடிய அளவுக்கு ஆவி விடும். பெற்றோல் அந்த ஆவியை உறைநிலைக்குக் கீழே 40 பாகையிலேயே விடத் தொடங்கிவிடும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே பற்றும். அந்த நாளில் பழகின கை, அதே கண்ணோடு பெற்றோலையும் பார்க்கிறது. என்னிடம் வேலை பழகுகிற பொடியன்களுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஒரு சோதனை மட்டும் செய்துவிட்டு எழுதுங்கள். காரைத் தொடாமல், ஸ்ராட் பண்ணாமல், கீழே ஒரு மட்டைப் பெட்டியை விரித்து இரவு விடுங்கள். விடிய எந்த இடத்தில் ஊறியிருக்கிறது என்று பாருங்கள்.


உடையார்கட்டு ரீச்சர்:

மிகவும் நன்றி அண்ணை. தம்பிக்கும் நன்றி. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து காரைத் தள்ளி மாமரத்துக்கு அப்பால் விட்டார்கள். அம்மாவிடம் விளக்கை விறாந்தைக்குள் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

மட்டை வைத்துப் பார்த்தேன். எஞ்சின் ஓடவே இல்லை, ஆனாலும் தாங்கியின் இடது பக்கத்துக்கு நேரே ஊறியிருந்தது. முன்பக்கம், எஞ்சினுக்குக் கீழே, காய்ந்தபடியே இருந்தது. அப்படியானால் நீங்கள் சொன்ன மட்டத்துக் கசிவுதானே?

ஒரு விஷயம் விளங்கவில்லை. பெற்றோல் செட்டில் நிரப்பும்போது கசியவில்லை, மணமும் இல்லை. தருமபுரம் தாண்டித்தான் வந்தது. நிரப்பின உடனேயே வரவேண்டாமா?


மாங்குளம் மெக்கானிக்:

மட்டத்துக் கசிவுதான். சந்தேகம் இல்லை.

உடனே வராததற்குக் காரணம் வெயில். பெற்றோல் செட்டின் தாங்கி நிலத்துக்குக் கீழே இருக்கிறது, அங்கே சூடு குறைவு. உங்கள் காரில் ஏறின பிறகு தார் வீதியின் சூடும் சைலன்சர்ச் சூடும் சேர்ந்து பெற்றோலைப் பெருக்கும். பத்துப் பாகை சூடு கூடினால் நாற்பது லீற்றர் பெற்றோல் ஏறக்குறைய 400 மில்லிலீற்றர் பெருக்கும். அந்தக் கூடின பங்குதான் வளையத்தால் வெளியே வருகிறது. அதற்காகத்தான் பம்ப் துப்பாக்கி முதல் தரம் தானாக நின்றதும் போதும் என்று நிறுத்தவேண்டும். வாய் மட்டும் ததும்பத் ததும்ப ஊற்றுவது 2022 இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூவில் நின்ற காலத்தில் பழகின பழக்கம். கியூஆர் கோட்டாவில் வாரத்துக்கு இவ்வளவு என்று தந்தபோது ஒரு சொட்டையும் விடக்கூடாது என்று ஆட்கள் காரைக் குலுக்கிக் குலுக்கி நிரப்பினார்கள். வளையம் நல்லதாக இருந்தாலும் அப்படி நிரப்பக்கூடாது. ஆவியைப் பிடிக்கும் கரிப்பெட்டிக்குள் பெற்றோலே போய்விடும்.


வவுனியா நிர்மலா:

ரீச்சர், பில் வைத்திருக்கிறீர்களா? பம்முக்குத் தனியாக, கூலிக்குத் தனியாக எழுதின பில் இருந்தால் பத்திரமாக வையுங்கள். இல்லாவிட்டால் இப்போதே கேட்டு வாங்குங்கள், கேட்டால் தரவேண்டியது அவர்களுடைய கடமை. நீங்கள் சொன்னதையும் அவர் சொன்னதையும் குறுஞ்செய்தியில் ஒருக்கால் எழுதி அனுப்பிவிடுங்கள். “இன்ன திகதி பம் மாற்றினேன், நிரப்பினால் கசிகிறது, வந்து பாருங்கள்” என்று மரியாதையாக எழுதினால் போதும். மண் ஈரத்தையும் மட்டையையும் படம் எடுத்து அதோடு அனுப்புங்கள்.

அவர் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் போகலாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் பொருளுக்கு மட்டும் இல்லை, கூலி வாங்கிச் செய்கிற சேவைக்கும்தான். முறைப்பாடு எழுத்தில் இருக்கவேண்டும், சேவை கிடைத்து மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். இந்த மூன்று மாதத்தைத் தவறவிட்டு வந்து நிற்பவர்கள்தான் கூட, அதனால்தான் சொல்கிறேன். 1977 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் வழி சொல்வார்கள்.

ஆனால் முதலில் கதைத்துப் பாருங்கள். எங்கள் ஊர்களில் கராஜ்காரரும் நாளைக்கு முகம் பார்க்கவேண்டிய ஆள்தான். பெரும்பாலும் வந்து செய்துதருவார்கள். “எனக்கு முன்னால் திறவுங்கள்” என்று நீங்கள் கேட்பதில் எந்தக் குறையும் இல்லை. கார் உங்களுடையது, அதில் ஏறுகிற பிள்ளையும் உங்கள் பொறுப்பு.


முள்ளியவளை ராசன்:

சிலிக்கன் பற்றி அண்ணை சொன்னது எனக்குத் தெரியாமல் இருந்தது. மோட்டார் சைக்கிள் தாங்கியையும் இந்தக் கிழமை ஒட்டுக்குக் கொடுக்கிறேன். ரீச்சர், ஓ ரிங் கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், வவுனியாவில் நிசான் சாமான் விற்கிற கடை ஒன்று தெரியும். பஸ்ஸில் போட்டுவிட்டால் அன்றைக்கே வரும்.


உடையார்கட்டு ரீச்சர்:

வேலை முடிந்தது, அதனால் எழுதுகிறேன்.

நிர்மலா அக்கா சொன்னபடி படங்களோடு செய்தி அனுப்பினேன். அன்று பின்னேரமே முதலாளி போன் எடுத்து, தானே வருவதாகச் சொன்னார். அடுத்த நாள் ஒரு பொடியனோடு மோட்டார் சைக்கிளில் வந்தார். புது வளையம் கொண்டுவந்தீர்களா என்று முதல் கேள்வியாகக் கேட்டேன். கொண்டுவந்திருந்தார், பைக்கற்றைப் பிரிக்காமல் என் கையில் தந்தார்.

மாமரத்தடியிலேயே திறந்தார்கள். சீற்றைத் தூக்கியதும் கீழே இருந்த கம்பளம் நனைந்திருந்தது, மூக்கை வைக்க முடியவில்லை. கதவுகளைத் திறந்துவிட்டு அம்மா தேத்தண்ணி கொடுத்து முடியும் மட்டும் காத்திருந்தோம். பிறகு பற்றரியைக் கழற்றி, செம்மண்ணைத் துடைத்து, கைப்பம்மால் பெற்றோல் எடுத்து, மரையைக் கழற்றினார்கள். அண்ணை எழுதினது அப்படியே இருந்தது. பழைய வளையம், ஒரு பக்கம் மடிந்து நசிந்து, அந்த இடத்தில் வெட்டு விழுந்திருந்தது. இடது பக்கம். மட்டையில் ஊறின பக்கமும் அதுதான்.

முதலாளி வளையத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். பம்மோடு வளையம் வரவில்லை, பொடியன் பழையதைப் போட்டதைத் தான் பார்க்கவில்லை என்று நேராகச் சொன்னார். கூலி வாங்கவில்லை. வளையத்துக்குக் காசு கொடுக்கப் போனேன், அதையும் வாங்கவில்லை. மரையை எதிர்ப்பக்கம் சுற்றி “டக்” என்று இறங்குவதைப் பொடியனுக்குக் காட்டிச் செய்வித்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். குழாய் இணைப்பை நானே இழுத்துப் பார்த்தேன்.

விசுவமடுவில் நிரப்பி, முதல் தரம் நின்றதோடு நிறுத்தி, இரவு மட்டை விரித்துவிட்டேன். விடிய மட்டை காய்ந்திருந்தது. ரீச்சர்மார் இன்றைக்குத் திரும்ப ஏறினார்கள், பிள்ளையும் வந்தாள்.

ஆனால் கம்பளத்து மணம் போகவில்லை. வெயில் நேரத்தில் கதவைத் திறந்தால் தலை இடிக்கிறது. அம்மா சாம்பிராணி போடச் சொல்கிறார். என்ன செய்யலாம்?


மாங்குளம் மெக்கானிக்:

சாம்பிராணியை மட்டும் போடவேண்டாம் ரீச்சர், அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். கம்பளத்துக்குள் இன்னும் பெற்றோல் இருக்கிறது. தணல் சட்டியைக் காருக்குள் வைத்தால் இவ்வளவு பட்ட பாடும் வீண். தூசி உறிஞ்சும் மெசினும் போடக்கூடாது, அதன் மோட்டாருக்குள் பொறி இருக்கும்.

சீற்றையும் கம்பளத்தையும் முழுவதும் கழற்றி வெளியே எடுங்கள். கம்பளத்துக்குக் கீழே பஞ்சு மாதிரி ஒரு தடித்த விரிப்பு இருக்கும், பெற்றோலைக் குடித்திருப்பது அதுதான். முதலில் வெறுமனே காற்றில் போடுங்கள். மணம் குறைந்த பிறகு உடுப்புச் சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவி, வெயிலில் காயவிடுங்கள். கழுவின தண்ணீரைக் கிணற்றடியிலும் பயிரிலும் ஊற்றவேண்டாம். விரிப்பு பிய்ந்துபோகிற நிலையில் இருந்தால் எறிந்துவிட்டுப் புதிது வெட்டிப் போடுங்கள், அது பெரிய விலை இல்லை. அது வரைக்கும் பிள்ளையைப் பின் சீற்றில் ஏற்றவேண்டாம்.

கம்பளத்தை எடுத்த நேரத்தில், பம்முக்கு மேலே உடம்புத் தகட்டில் இருக்கும் மூடியையும் பாருங்கள். அதன் விளிம்பு ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும், எஃப்.பி. 15 இல் இந்த வயதுக்கு எல்லாக் காரிலும் அப்படித்தான். அதையும் மாற்றிவிட்டு மூடுங்கள். வீதியின் தூசி தாங்கிக்கு மேலே இருந்து காருக்குள் வருவதும் அதோடு நிற்கும்.